தொட்டில் தந்த சொற்கள்

(இளங்கலைத் தமிழ் இலக்கியம், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

பெற்றோரைக் குழந்தைகள் அழைக்கும் சொற்கள் உலகின் பல மொழிகளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. தமிழில் அம்மா, அப்பா. சீன மொழியில் மாமா, பாபா. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியிலும் மாமா, பாபா. எபிரேயத்தில் இம்மா, அப்பா. கொரிய மொழியில் ஒம்மா, அப்பா. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள் அல்ல. இவற்றைப் பேசும் மக்கள் மலைகளாலும் கடல்களாலும் பிரிக்கப்பட்டு வாழ்ந்தவர்கள். அங்ஙனமிருக்க இவ்வொற்றுமை எவ்வாறு தோன்றியது?

இவ்வினாவை மேடைகளில் எழுப்புவோர் பலர் விடையையும் உடனே தந்துவிடுகின்றனர். "உலக மொழிகள் அனைத்தும் தமிழிலிருந்து பிறந்தன, அதற்கு அம்மா என்னும் சொல்லே சான்று" என்பது அவ்விடை. கேட்பதற்கு இனிக்கிறது; கைதட்டலும் கிடைக்கிறது. எனினும் தமிழ் பயிலும் மாணவன் என்ற முறையில், இவ்விடை ஆராய்ச்சி என்னும் உரைகல்லில் நிற்குமா என்று தேய்த்துப் பார்க்கவேண்டியது என் கடமை என்று கருதுகிறேன். தமிழின் பெருமைக்கு வேண்டிய சான்றுகள் வேறு நிரம்ப உள்ளன. ஆகவே இவ்வொரு சொல்லைச் சோதித்துப் பார்க்க நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

நம் பள்ளத்தாக்கின் சொற்கள்

இவ்வாராய்ச்சிக்காக நாம் கடல் கடந்து செல்ல வேண்டாம். தேனியில் பேருந்து ஏறி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி மலையடிவாரம் வரை சென்றால் போதும். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் இந்நிலப்பரப்பில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. மலையேறினால் மலையாளம். ஏலத்தோட்ட வேலைக்காக விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்கும் நம் மக்கள் அம்மொழியையும் நாள்தோறும் கேட்டுப் பழகியவர்கள்.

எங்கள் விடுதி நண்பர்களிடம், "உங்கள் வீட்டில் தகப்பனாரை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று நான் கேட்டதுண்டு. ஒரே வகுப்பில் பயில்வோர் தந்த விடைகள் எத்தனை! சிலர் அப்பா என்றனர். என் வீட்டைப் போலவே ஐயா என்று அழைப்போர் சிலர். தெலுங்கு பேசும் வீட்டு நண்பர் நைனா என்றார். இராவுத்தர் வீட்டு நண்பர் அத்தா என்றார். குமுளிப் பக்கத்திலிருந்து வந்தவர் அச்சன் என்றார்.

தாய்க்கும் இங்ஙனமே பல சொற்கள். அம்மா என்பது பெருவழக்கு. ஆனால் நம் கிராமத்து முதியோர் நாவில் இன்றும் நிற்பது ஆத்தா என்பதே. சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மன் முன் நின்று வேண்டுவோரும் "ஆத்தா" என்றே விளிக்கின்றனர். அப்பனைப் பெற்ற ஆத்தா அப்பத்தா ஆனாள். தாயைப் பெற்றவள் அம்மாச்சி. கன்னடத்தில் தாயை அவ்வ என்றும் சொல்வர். அதே சொல் தெலுங்கில் பாட்டியைக் குறிக்கும்.

இவற்றுள் ஓர் இணையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஒரு வீட்டில் ஆத்தா என்றால் தாய். அடுத்த தெருவில் அத்தா என்றால் தந்தை. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு முதலெழுத்தின் ஒரு மாத்திரை மட்டுமே! இவ்விணையைப் பற்றிப் பின்னர்க் காண்போம்.

வல்லினத் தந்தையும் மெல்லினத் தாயும்

தமிழில் தந்தையைக் குறிக்கும் பழஞ்சொற்களை வரிசைப்படுத்தினால் அப்பன், அத்தன், அச்சன் என்று வரும். தாயைக் குறிப்பவை அம்மை, அன்னை. முன்னவற்றில் இடையே நிற்பவை ப், த், ச் ஆகிய வல்லினம். பின்னவற்றில் நிற்பவை ம், ன் ஆகிய மெல்லினம். மூக்கொலி தாய்க்கு, வல்லொலி தந்தைக்கு என்று யாரோ பங்கிட்டுக் கொடுத்தாற்போல் இருக்கிறது.

இப்பங்கீடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இற்றைத் துருக்கி நாட்டில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கி மறைந்த இட்டைட்டு மொழியில் தந்தைக்கு அத்த, தாய்க்கு அன்ன என்பன சொற்கள். அங்கேரி மொழியில் தந்தை அப்ப, தாய் அன்ய. எம்மொழியோடும் உறவு நிறுவப்படாத ஐரோப்பியத் தனிமொழியாகிய பாஸ்க்கில் தந்தை அய்த்த.

அமெரிக்க மானிடவியலறிஞர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் உலகெங்குமிருந்து பெற்றோரைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டி 1959ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் 531 தாய்ச்சொற்கள், 541 தந்தைச்சொற்கள். தாய்ச்சொற்களில் நூற்றுக்கு 55 மூக்கொலி கொண்டவை. தந்தைச்சொற்களிலோ நூற்றுக்கு 15 மட்டுமே அத்தகையவை. இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது. காரணம் ஒன்று இருத்தல் வேண்டும்.

யாகப்சன் தந்த விளக்கம்

அக்காரணத்தை விளக்கியவர் மாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மொழியியலறிஞர் ரோமன் யாகப்சன். மர்டாக்கின் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1959இல் அவர் ஆற்றிய உரை, மறு ஆண்டு கட்டுரையாக அச்சாயிற்று. மாமா, பாபா என்னும் சொற்கள் ஏன் என்பதே அதன் தலைப்பின் பொருள்.

அவர் விளக்கத்தை நாம் தொல்காப்பியத்தின் துணைகொண்டே எளிதில் புரிந்துகொள்ளலாம். பிறப்பியலில் ஆசிரியர், அகர ஆகாரங்கள் வாயைத் திறந்த அளவில் பிறப்பன என்றும், பகர மகரங்கள் இரண்டு இதழும் பொருந்தப் பிறப்பன என்றும், மெல்லெழுத்துகள் மூக்கின் வளியால் இசைப்பன என்றும் கூறுகின்றார். நாவை நுட்பமாக வளைத்து ழகரத்தை ஒலிக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இதழை மூடித் திறக்க எப்பயிற்சியும் வேண்டுவதில்லை. பால் குடிக்கும் குழந்தை பிறந்த நாள் முதல் செய்யும் தொழில் அது. வாயை முழுதும் மூடுதல், முழுதும் திறத்தல் என்னும் இரண்டும் மாறி மாறி நிகழும்போது பா, மா என்னும் ஒலிகள் தாமே பிறக்கின்றன. ஆறு ஏழு மாதக் குழந்தை இவ்வசைகளை அடுக்கி மாமாமா, பாபாபா, தாதாதா என்று மிழற்றுவதை நாம் எல்லா வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். அம்மிழற்றல் எம்மொழிக்கும் உரியதன்று. எல்லா மொழிக்கும் பொதுவானது.

அங்ஙனமாயின் மூக்கொலி தாய்க்கு உரியதாவது ஏன்? குழந்தை தாயின் மார்பில் வாய்வைத்துப் பால் அருந்தும்போது வாய்வழி அடைபட்டிருக்கிறது. அந்நிலையில் அது எழுப்பக்கூடிய ஒலி மூக்கின் வழியே வரும் 'ம்' என்னும் முனகல் ஒன்றே. பின்னர்ப் பாலைக் கண்டாலும், பசித்தாலும், தாயைக் கண்டாலும் அதே முனகல் எழுகிறது. இதழ் திறந்ததும் அது 'மா' ஆகிறது. பசியைத் தெரிவிக்கும் ஒலியே பசி தீர்ப்பவளின் பெயராயிற்று என்பது யாகப்சன் கருத்து.

நம் வீட்டுக் குழந்தைமொழி இதற்கு அரண் செய்கிறது. குழந்தைக்குச் சோறூட்டும்போது நாம் 'மம்மம்' என்கிறோம். இலத்தீன் மொழியில் மம்ம என்னும் சொல் தாயையும் குறிக்கும். பால் சுரக்கும் மார்பையும் குறிக்கும். 1758இல் சுவீடன் நாட்டு லின்னேயசு, பாலூட்டி இனத்திற்கு மம்மாலியா என்று பெயரிட்டது இச்சொல்லைக் கொண்டே. விலங்கியல் வகுப்பில் நம் நண்பர்கள் மனப்பாடம் செய்யும் அப்பெயருக்குள் ஒரு குழந்தையின் பசிக்குரல் ஒளிந்திருக்கிறது!

ஈண்டு மறவாமல் குறிக்கவேண்டுவது ஒன்றுண்டு. மிழற்றும் குழந்தை முதலில் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று மகிழ்ந்து பொருள் ஏற்றுபவர்கள் பெற்றோரே. 'மாமா' என்றவுடன் தாய் ஓடி வருகிறாள். 'பாபா' என்றவுடன் தந்தை தூக்கிக்கொள்கிறார். வந்தவரைப் பார்த்துக் குழந்தை அவ்வொலியின் பொருளைக் கற்றுக்கொள்கிறது. ஒலி குழந்தையுடையது, பொருள் பெரியோருடையது.

மாறி வழங்கும் இடங்கள்

பொருள் தருபவர் பெரியோர் என்பதற்குச் சான்று, இப்பங்கீடு தலைகீழாக அமைந்த மொழிகள். காகசு மலைப்பகுதியில் வழங்கும் ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் தந்தை. தாய்க்கு தேதா என்று பெயர். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளுள் ஒன்றான பிட்சந்சாசராவிலும் மாமா என்பது தந்தையே. இவ்வளவு தொலைவு போவானேன்? நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த துளுவில் அப்பெ என்றால் தாய். அம்மெ என்றால் தந்தை! மங்களூர்ப் பக்கம் செல்லும் தமிழர் இதைக் கேட்டால் திகைத்துத்தான் போவார்.

நம்மிடையிலும் மாற்றம் இல்லாமலில்லை. மாமா என்னும் அதே ஒலியைத் தாயின் உடன்பிறந்தானுக்குக் கொடுத்தோம். மேனாட்டார் தந்தைக்கு வழங்கும் பாப்பாவை நாம் குழந்தைக்கே சூட்டினோம். போலந்து மொழியில் தந்தையைக் குறிக்கும் தாத்தா நமக்குப் பாட்டனார். ஆத்தா வல்லினம் பெற்றும் தாயைக் குறிக்கிறது. நம் ஊர்க் கிழவிகள் பேரனை "ஐயா" என்றும் பேத்தியை "ஆத்தா" என்றும் கொஞ்சி அழைப்பதும் நாமறிந்ததே. தொட்டில் தருவது ஒரு சில ஒலிகளை மட்டுமே. அவற்றை எவ்வுறவுக்கு வைப்பது என்று முடிவு செய்வது அந்தந்தச் சமுதாயம்.

'அம்மா என்னும் சொல்லில் உயிர், மெய், உயிர்மெய் மூன்றும் அமைந்துள்ளன. ஆதலின் அது தமிழின் தனிச்சிறப்பு' என்பதும் மேடையில் நாம் கேட்டதே. அச்சிறப்பு அப்பாவிற்கும் உண்டு, அக்காவிற்கும் உண்டு, அத்தாவிற்கும் உண்டு. அழகிய எழுத்தமைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் மொழியின் தோற்றத்திற்கு அது சான்றாகாது.

அழைக்கும் சொல்லும் குறிக்கும் சொல்லும்

நம் கல்லூரி விண்ணப்பப் படிவத்தில் 'தந்தை பெயர்' என்று அச்சிட்டிருக்கிறது. 'அப்பா பெயர்' என்று அச்சிடுவதில்லை. அதுபோலவே வீட்டு வாயிலில் நின்று, "தந்தையே, கதவைத் திறங்கள்" என்று எவரும் கூவுவதில்லை. தாய், தந்தை என்பன குறிக்கும் சொற்கள். அம்மா, அப்பா என்பன அழைக்கும் சொற்கள். அப்பன் என்பதன் விளி அப்பா. அத்தன் என்பதன் விளி அத்தா.

குறிக்கும் சொற்கள் இலக்கணக் கட்டமைப்பு உடையவை. சங்க இலக்கியத்தில் யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்றால் அவன் அல்லது அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பனவும் அவ்வாறே. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பயின்றோர் இவ்வேறுபாட்டை அறிவர். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடமும் உள்ளடங்கிய இச்சொற்களை எந்தக் குழந்தையும் மிழற்றிக் கண்டுபிடித்துவிட முடியாது.

அழைக்கும் சொற்களோ ஒவ்வொரு தொட்டிலிலும் மீண்டும் மீண்டும் பிறக்கின்றன. கொரியரும் தம் பெற்றோரைக் குறிக்கையில் அபொஜி, ஒமொனி என்பர். கொஞ்சி அழைக்கையில்தான் அப்பா, ஒம்மா. அழைக்கும் சொற்களில் மட்டுமே உலகம் இவ்வளவு ஒன்றுபடுகிறது என்பது கருதத்தக்கது.

மொழியுறவை நிறுவுவது எது?

இரு மொழிகளில் ஒரு சொல் ஒத்திருப்பதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். இரண்டும் ஒரே மூலமொழியிலிருந்து வந்திருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் பெற்றிருக்கலாம். இன்று நம் ஊர்களில் பரவியுள்ள மம்மி, டாடி ஆங்கிலக் கல்வி வழி வந்த கடன் என்பது வெளிப்படை. தற்செயலாக ஒத்திருக்கலாம். அல்லது மனித வாயின் அமைப்பே அவ்வொற்றுமையைத் தந்திருக்கலாம். அம்மா, அப்பா போன்ற சொற்களில் நான்காம் காரணம் எப்போதும் குறுக்கே நிற்பதால், அவற்றைக் கொண்டு முதற்காரணத்தை நிறுவ முடியாது.

பின்னர் எதைக்கொண்டு நிறுவுவது? தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக்குடும்பம் என்று 1816இல் எல்லிசும், 1856இல் கால்டுவெல்லும் எடுத்துக்காட்டியபோது அவர்கள் அம்மாவை மட்டும் நம்பி நிற்கவில்லை. வேர்ச்சொற்கள், எண்ணுப்பெயர்கள், மூவிடப்பெயர்கள், வேற்றுமை உருபுகள், வினை அமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டனர். ஓர் எடுத்துக்காட்டு: தமிழில் பகரத்தில் தொடங்கும் பழஞ்சொற்கள் இற்றைக் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகின்றன. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஒரு சொல்லில் மட்டுமன்றிச் சொல்தோறும் ஒரே ஒழுங்கில் நிகழும் இம்மாற்றமே உறவின் கையெழுத்து. கம்பத்தில் கன்னடம் பேசும் வீட்டுக்குச் சென்றால் இச்சான்றை நாமே காதால் கேட்கலாம்.

வடமொழியில் பித்ரு, இலத்தீனில் பாத்தெர், ஆங்கிலத்தில் ஃபாதர் என்பவற்றின் உறவும் இத்தகையதே. முதலிரண்டில் பகரம் உள்ள இடத்தில் ஆங்கிலத்தில் ஃபகரம். வடமொழிப் பாத என்பதற்கு ஆங்கிலத்தில் ஃபுட் என்று வருவதும் அதே ஒழுங்கு. இதனை 1822இல் ஜெர்மானிய அறிஞர் கிரிம் விதியாக வகுத்தார். இங்கும் சான்று, ஒலி ஒத்திருப்பது அன்று, ஒழுங்காக வேறுபடுவது.

கைப்பேசியில் கொரியத் தொடர்களைக் காணும் நம் நண்பர்கள் 'அப்பா' என்று அங்கே கேட்டவுடன் வியந்து, கொரியமும் தமிழும் உடன்பிறந்தவை என்று முடிவு கட்டுகின்றனர். கொரியாவில் பணியாற்றிய ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டிலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். எனினும் சொல்தோறும் நிகழும் ஒலியொழுங்கு காட்டப்படாமையால் மொழியியலார் பெரும்பாலோர் அவ்வுறவை ஏற்கவில்லை. ஆராய விரும்புவோர் ஆராயட்டும். ஆனால் அப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

அத்தாவும் ஆத்தாவும்

இவையெல்லாம் ஏட்டுச் செய்திதானே, வாழ்க்கைக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். பயன் உண்டு.

ஒரு கூட்டத்தில் பேசிய ஒருவர், "அத்தா என்பது துருக்கிச் சொல்; அதைச் சொல்பவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்" என்றார். அருகில் அமர்ந்திருந்த என் நண்பர் ஒன்றும் பேசவில்லை. உத்தமபாளையத்தில் பிறந்து, தமிழையே வீட்டிலும் வெளியிலும் பேசி, தமிழிலக்கியத்தையே பாடமாக எடுத்துப் படிப்பவர் அவர். தம் தகப்பனாரை அழைக்கும் சொல் ஒன்றினால் ஒரு நொடியில் அயலார் ஆக்கப்பட்டார். வேறு சிலர் இதே சொல்லைக் கொண்டு, "எங்கள் முன்னோர் துருக்கியர்" என்று பெருமிதமாகச் சொல்வதும் உண்டு. ஒருவர் பழித்துரைக்கிறார், மற்றவர் புகழ்ந்துரைக்கிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே சான்று.

அச்சான்றை எடைபோட்டுப் பார்ப்போம். துருக்கி மொழியில் அத என்பது தந்தையை, முன்னோரைக் குறிப்பது உண்மை. 1934இல் முஸ்தபா கமாலுக்கு வழங்கப்பட்ட அத்ததுர்க் என்னும் பெயரிலும் அச்சொல் உள்ளது. ஆனால் தமிழில் அத்தன் என்னும் சொல் தேவார காலத்திலேயே தந்தையைக் குறித்து, இறைவனையும் குறித்து வழங்கிற்று. அதன் விளி அத்தா என்பதை மேலே கண்டோம். அத்தனோடு பிறந்தவளே நாம் எல்லோரும் அழைக்கும் அத்தை. இவையன்றி, நான்காம் நூற்றாண்டில் விவிலியம் பெயர்க்கப்பட்ட காத்திக் மொழியில் தந்தை அத்த; முன்னர்க் கண்ட இட்டைட்டிலும் அத்த. இவர்கள் எல்லாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினார்களா? நுனிநாக்கைப் பல்லில் ஒட்டி எடுக்கத் தெரிந்த எந்தக் குழந்தையும் இச்சொல்லைப் படைக்கும்.

ஆகவே ஒரு குடும்பத்தாரின் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்று அறிய வேண்டின் கல்வெட்டையும் ஆவணங்களையும் வரலாற்றையும் நாடவேண்டும். தொட்டிலில் பிறந்த சொல்லைக் கேட்டு அறிய இயலாது. எல்லா ஊரிலும் பிறக்கக்கூடிய ஒரு சொல், தன்னைச் சொல்பவரின் ஊரைக் காட்டிக்கொடுக்க மாட்டாது. ஆத்தா என்பவரும் அத்தா என்பவரும் இப்பள்ளத்தாக்கில் ஒரே ஆற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்கள். அவர்கள் சொற்களுக்கிடையே உள்ள ஒரு மாத்திரையை மதிலாக உயர்த்துவது மொழியறிவு ஆகாது.

முடிவுரை

அம்மா, அப்பா முதலிய சொற்கள் பல மொழிகளில் ஒத்திருப்பதற்குக் காரணம் அவை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றமை அன்று. மனிதக் குழந்தையின் வாயும் பசியும் எங்கும் ஒன்றாக இருத்தலே என்று கண்டோம். அவ்வொலிகளுக்குப் பொருள் தந்தவர் அந்தந்த நாட்டுப் பெற்றோர் என்றும், மொழிகளின் உறவும் மக்களின் வரலாறும் வேறு சான்றுகளால் நிறுவப்பட வேண்டும் என்றும் கண்டோம். இதனால் தமிழின் சிறப்பு ஓர் அணுவும் குறையவில்லை. எழுத்துகளின் பிறப்பைத் தொல்காப்பியர் வகுத்த நெறியே யாகப்சன் விளக்கத்தைப் புரிந்துகொள்ள நமக்கு இன்று கைகொடுக்கிறது என்றால், அதைவிடப் பெருமை வேறு வேண்டுமோ?

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் தாய், தந்தை, பாட்டன், பாட்டி, குழந்தை ஆகியோரை அழைக்கும் சொற்களைக் குறித்து வாருங்கள். பல சொற்கள் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றை ஊர்வாரியாகத் தொகுத்தால் நம் தமிழ்த் துறைக்கு நல்லதொரு சொல்லடைவு கிடைக்கும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அப்பணியில் முதல் ஆளாக நிற்க நான் ஆயத்தமாயிருக்கிறேன்.